இண்டென்ட்டில் இரண்டு எழுத்து விட்டுப்போனால்: மில் முதலாளிகளுக்கும் பர்ச்சேஸ் பிரிவினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோயம்புத்தூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்து நூற்பாலை முதலாளிகளுக்கும், அவர்களிடம் பர்ச்சேஸ் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக மில்களில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். இதுவரை மூன்று மில் மாறியிருக்கிறேன். இண்டென்ட்டில், அதாவது சாமான் கேட்டு எழுதித் தருகிற சீட்டில், நாங்கள் கேட்கும் எலக்ட்ரிக்கல் சாமான் ஒன்று, வந்து சேர்வது வேறொன்று என்பதைப் பற்றித்தான் இந்த மடல். எந்த மில், யார் முதலாளி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் "அது அவங்க வீட்டுக் கதை" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

போன மாசி மாதத்தில் ஒரு ராத்திரி ஷிப்ட். மணி இரண்டே முக்கால் இருக்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோரூமில், கழிவுப் பஞ்சை இழுக்கிற ஃபேன் அடைத்துக்கொண்டது. ஃபிட்டர் வந்து சிவப்புப் பட்டனை அழுத்தினார். பெரிய ஃபேன், நிறுத்தினாலும் ஓய்ந்து நிற்க நேரமாகும். அதனால் அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக வந்து கதவு நட்டில் கை வைத்தார். நான் இருபது அடி தள்ளி வேறொரு பேனலில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். ஓய்கிற ஃபேன் என்றால் சத்தம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இது இறங்கவில்லை. "அண்ணா, கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய், கரண்ட்டை மொத்தமாக வெட்டுகிற எம்சிசிபி ஸ்விட்சை இறக்கினேன். அப்புறம்தான் சத்தம் இறங்க ஆரம்பித்தது. அவர் கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டாருக்குக் கரண்ட்டைப் போட்டு நிறுத்துகிற ஸ்விட்ச்தான் கான்டாக்டர். அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று ஜோடி முனைகளில் இரண்டு ஜோடி வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிப்போயிருந்தன. பட்டனை அழுத்தினால், முனைகளை இழுத்துப் பிடிக்கிற காந்தச் சுருளான காயிலுக்குப் போகிற கரண்ட்தான் நிற்கும். முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் தன்பாட்டுக்கு ஓடும். அதை மாட்டிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதே இடத்தில் முன்பு இருந்தது ஒன்பது வருஷம் ஓடியது.

புதியதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். பெரிய எழுத்தில் 25 ஆம்பியர். அதற்குக் கீழே கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் ஏசி-1 என்றால் 25, ஏசி-3 என்றால் 9.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏசி-1, ஏசி-3 என்பதெல்லாம் கான்டாக்டருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதைக் குறிக்கும் வகைப்பாடு. ஐஇசி 60947 என்ற தரநிலையில் இருப்பது, நம் நாட்டிலும் அதே எண்ணில்தான் வழங்குகிறது. ஏசி-1 என்றால் ஹீட்டர் மாதிரியான லோடு. போட்டதும் தனக்கு வேண்டிய கரண்ட்டை எடுத்துக்கொண்டு அப்படியே இருக்கும். ஏசி-3 என்றால் மோட்டார். பாரவண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப மாடு எப்படி முக்கி இழுக்கிறது, கிளம்பிய பிறகு எப்படி நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். மோட்டாரும் அதே ரகம். 10 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்கிற அந்த ஒரு சில நொடிகளில் ஆறேழு மடங்கு, எண்பது தொண்ணூறு ஆம்பியர் வரை போகும். ஏசி-3இல் 9 ஆம்பியர் என்று இருக்கிற சாமானை அதில் மாட்டினால், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் முனை கொஞ்சம் உருகும், ஆறும், மறுபடி உருகும். ஒருநாள் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பர்ச்சேஸ் ஆபீஸ் வாசலில் நின்றேன். அங்கே எனக்குக் கிடைத்த பதில்: "ஏனுங்க, நீங்க கேட்டது 25. வாங்கினதும் 25. அப்புறம் என்னங்க?"

என் இண்டென்ட் புத்தகத்தின் கார்பன் பிரதி கையில் இருந்தது. "கான்டாக்டர், 25 ஆம்ப், ஏசி-3, 3 போல், காயில் 110 வோல்ட், 4 எண்ணம்" என்று எழுதியிருந்தேன். கடைக்குப் போன ஆர்டரில் "கான்டாக்டர் 25 ஆம்ப் 110 வோல்ட் - 4" என்று இருந்தது. ஏசி-3 எங்கே போயிற்று என்று கம்ப்யூட்டரில் ஏற்றிய பிள்ளையிடம் கேட்டேன். பாவம், ஒளிக்காமல் சொல்லியது. "ஏசின்னா ஏசி கரண்ட்டுதானேங்கண்ணா. அதான் 110 வோல்ட்டுன்னு போட்டிருக்கே, எதுக்கு ரெண்டு தடவைன்னு எடுத்துட்டேன்."

அந்தப் பிள்ளை மீது எனக்குக் கோபம் இல்லை. பி.காம். படித்துவிட்டு வந்து நாளுக்கு நூறு அயிட்டம் ஏற்றுகிறது. ஏசி-3 என்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. என் இண்டென்ட் பேனலிலிருந்து கடைக்குப் போவதற்குள் சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ் மேனேஜர், ஸ்டோர்ஸ், கம்ப்யூட்டர், பர்ச்சேஸ் என்று ஐந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் உதிர்கிறது. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்கு ஓகே செய்கிறீர்கள். மூன்று கடையிலும் கேட்டது ஒரே சாமானைத்தானா என்று பார்ப்பதற்கு அந்த வரிசையில் ஆள் இல்லை. உண்மையில் நல்ல கடைக்காரர்தான் இதில் நஷ்டப்படுகிறார். அவர் மோட்டாருக்குத்தான் என்று நினைத்துச் சரியான சாமானுக்கு விலை சொல்கிறார், ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறது.

அதனால் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக்கல் சாமான் எதுவானாலும், ஆர்டர் போவதற்கு முன்னால் அது ஒரு தடவை இண்டென்ட் எழுதியவன் கண்ணில் படட்டும். மாடல் நம்பர் மாறினாலும், கம்பெனி மாறினாலும், "இது ஓகே" என்று அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். முக்கியமாகக் கேட்பது இது ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் உங்கள் மனதில் என்ன ஓடும் என்று தெரியும். எலக்ட்ரீஷியன் கையில் விட்டால் கடையில் கமிஷன் வாங்குவான். சரி, வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும். அதற்காகத்தான் விலை பேசுகிற வேலையை நான் கேட்கவில்லை. எந்தக் கடை, எத்தனை நாள் கடன், எவ்வளவு தள்ளுபடி எல்லாம் உங்களுடையது. சாமான் அதுதானா என்பது மட்டும் எங்களுடையது. இரண்டு கையெழுத்து இருந்தால் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருக்கும்.

இன்னொரு கதை, இது சிறியது. ட்ராஃப்ரேம் மெஷினில், இரும்பு பக்கத்தில் வந்தால் உணர்ந்து சொல்கிற ப்ராக்ஸிமிட்டி சென்சர் ஒன்று போய்விட்டது. விரல் தடிமன்தான் இருக்கும், மூன்று வயர். பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். இதில் பிஎன்பி, என்பிஎன் என்று இரண்டு ஜாதி உண்டு. இரும்பைப் பார்த்ததும் பிஎன்பி தன் கறுப்பு வயரில் 24 வோல்ட்டைக் கொடுக்கும். என்பிஎன் அதே வயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். ஐரோப்பிய மெஷின்களில் பெரும்பாலும் பிஎன்பி, ஜப்பான் மெஷின்களில் பெரும்பாலும் என்பிஎன். மாடல் நம்பரில் ஒரு எழுத்துதான் வித்தியாசப்படும். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே இதில் யாரும் காசை மிச்சம் பிடிக்கவில்லை. கடையில் கையிருப்பில் இருந்ததைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஐடிஐ முடித்து வந்து ஆறு மாதமான தம்பி ஒருவனுக்கு அன்று டியூட்டி. சென்சரை மாட்டினான். ஸ்பேனரை முன்னால் காட்டினால் சென்சரின் முதுகில் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்படியானால் சென்சர் நல்லது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். மெஷினை நடத்துகிற கம்ப்யூட்டரான பிஎல்சியின் கார்டில் அந்த இன்புட்டின் விளக்கு எரியவில்லை. எனவே நடுவில் வயர் கட் என்று நினைத்து, கேபிள் ட்ரேயைப் பிரித்து இருபது மீட்டர் வயரையும் மாற்றினான். அப்போதும் எரியவில்லை. கார்டு போய்விட்டது என்று எழுதி வைத்துவிட்டுக் காலையில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். பழைய சென்சரைக் குப்பைத் தொட்டியிலிருந்து தேடி எடுத்துப் புதியதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். பழையதில் பி, புதியதில் என். "அண்ணா, நைட்டு முழுக்க…" என்றான். வேறு வார்த்தை வரவில்லை. எட்டு மணி நேர உற்பத்தி எவ்வளவு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பழுது பார்ப்பதில் பாதி நேரம் இப்படித்தான் போகிறது. புதுச் சாமான் என்றால் அது சரியானது என்று நம்பித்தான் நாங்கள் அடுத்த இடத்தைச் சந்தேகப்படுகிறோம். அந்த நம்பிக்கையே தப்பாகிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

எங்கள் பக்கத்துத் தப்புகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது ஒருதலை வழக்காகிவிடும். மெஷின் நின்றதும் எதையாவது கழற்றி மாற்றிப் பார்க்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவ் ஒன்று அடிக்கடி டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது என்று அதன் கன்ட்ரோல் கார்டை மாற்றச் சொன்னேன். அறுபதாயிரத்துக்குப் பக்கம் ஆயிற்று. புதுக் கார்டு போட்ட நாலாம் நாள் அதே டிரிப். கடைசியில் பார்த்தால் மோட்டார் டெர்மினல் பெட்டிக்குள் வயர் முனையில் இருக்கிற லக் ஒன்று லூஸ். ஒரு ஸ்பேனர் திருப்பு. அந்த அறுபதாயிரத்தைப் பற்றி முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஐடிஐ கூடப் படிக்காதவர். டிஜிட்டல் மீட்டர் கையில் இருந்தாலும் பையில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பார். ஒருநாள் சிம்ப்ளெக்ஸ் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. காயில் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 110 வோல்ட் காட்டுகிறது. திருப்பி மாட்டினால் கான்டாக்டர் இழுக்கவில்லை. காயில் போய்விட்டது என்று நான் கான்டாக்டரையே மாற்றினேன். புதியதும் இழுக்கவில்லை. அவர் வந்து வயர் முனையில் பல்பை வைத்தார். 110 வோல்ட்டுக்கு 230 வோல்ட் பல்பு மங்கலாக எரிந்தாலும் எரிந்தாக வேண்டும். எரியவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு டெர்மினலாகப் பின்னோக்கிப் போனார். கதவு லிமிட் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் எரிகிறது, இந்தப் பக்கம் எரியவில்லை. திறந்தால் உள்ளே முனையில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கரி கட்டியிருந்தது. மீட்டர் இழுப்பது இத்துனூண்டு கரண்ட், அது கரி வழியாகவும் ஊர்ந்து வந்துவிடும். காயிலுக்கு வேண்டிய கரண்ட் வராது. பேனல் வேலை தெரியாதவர் கையில் டெஸ்ட் லேம்ப் ஆபத்தான சாமான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இப்போது இதே வேலையைப் பத்திரமாகச் செய்கிற, லோ இம்பீடன்ஸ் வசதியுள்ள மீட்டர்கள் வந்துவிட்டன. ஆயுத பூஜைக்குப் பொட்டலம் கொடுக்கிறபோது ஷிப்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால் பொரியைவிட உபயோகமாக இருக்கும்.

நீங்கள் கேட்டு நாங்கள் செய்கிற தப்பு ஒன்றும் இருக்கிறது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே டிரிப் ஆனால் "கொஞ்சம் ஏத்தி வைப்பா, ஆர்டர் போகணும்" என்று மேலேயிருந்து ஃபோன் வரும். 14 ஆம்பியரில் இருக்கிற திருகை 18க்குத் திருப்புவோம். மெஷின் ஓடும். மூன்றாம் நாள் மோட்டாரைக் கைவண்டியில் ஏற்றி வைண்டிங் கடைக்கு அனுப்புவோம். டெல்டா மோட்டாராக இருந்து, உள்ளே மூன்றில் ஒரு பேஸ் சுருள் மட்டும் கரியாகி மற்ற இரண்டும் புதுசு மாதிரி இருந்தால், ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ரிலே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் அதன் வாயை மூடினோம். இனி யாராவது ஏத்தி வை என்றால், கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் கரண்ட்டையும் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் திருகைத் தொடுவேன் என்று இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பழைய மெஷின்களின் விஷயம் தனி. நம் வட்டாரத்தில் பாதி மில் செகண்ட் ஹேண்ட் மெஷினில்தான் ஓடுகிறது, அதில் குறையொன்றும் இல்லை. மூடின மில்லில் ஏலம் எடுக்கும்போது பேரிங், ஸ்பிண்டில், கியர் எல்லாம் தட்டிப் பார்த்து எடுக்கிறீர்கள். பேனலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா? சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் அது இல்லாத மில் குறைவு. அதை 2023 அக்டோபரோடு வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அப்புறம் 10 வருஷத்துக்கு உதிரிப் பாகமாகக் கிடைக்கும் என்பது கணக்கு. கிடைக்கும் என்பது வேறு, நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கும் என்பது வேறு. அதற்கும் முந்தைய பிஎல்சிக்கள் உள்ள மெஷினில் கார்டு போனால் உக்கடம் பழைய சாமான் கடைகளிலும், மெட்ராஸ் ரிச்சி தெருவிலும்தான் அலைய வேண்டும். நானே இரண்டு தடவை ராத்திரி ட்ரெய்ன் ஏறியிருக்கிறேன். கார்டு கிடைத்தாலும் அது எந்த மெஷினிலிருந்து, எதற்காகக் கழற்றியது என்று விற்பவருக்கே தெரியாது.

சாமான்கூட எப்படியாவது கிடைத்துவிடும். புரோகிராம் கிடைக்காது. பழைய பிஎல்சி சிலவற்றில் புரோகிராமைத் தாங்கிப் பிடித்திருப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அது தீர்ந்திருக்கும்போது கரண்ட்டும் போனால் மெஷினுக்கு நினைவு தப்பிவிடும், முதலிலிருந்து எழுத வேண்டும். எஸ்7-300 பரவாயில்லை, பெரும்பாலானவற்றில் புரோகிராம் ஒரு மெமரி கார்டில் இருக்கும், பேட்டரி தேவையில்லை. ஆனால் அதற்கும் ஒரு கண்டம் வரும். பார்க்கக் கேமரா கார்டு மாதிரி இருக்கிறதே என்று ஒரு புண்ணியவான் அதை லேப்டாப்பில் செருகினார். விண்டோஸ் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினார். அந்த வகைக் கார்டு சாதாரணக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் ஆனால் அப்புறம் பிஎல்சிக்கு ஆகாது. புரோகிராமின் நகல் எங்கும் இல்லை. மெஷின் விற்ற மில்லுக்கு ஃபோன் போட்டால் அங்கே வாட்ச்மேன் மட்டும்தான் இருக்கிறார்.

அதனால் ஏலத்துக்குப் போகும்போது மெக்கானிக்கல் ஆளோடு எங்களில் ஒருவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிஎல்சியும் டிரைவும் என்ன மாடல், புரோகிராமின் நகல் உண்டா, சர்க்யூட் டயக்ராம் புத்தகம் பேனல் கதவில் இருக்கிறதா, வயர்களில் ஃபெரூல் நம்பர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். நம்பர் இல்லாத ஐந்நூறு வயரைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற சம்பளத்தை ஏல விலையில் கழித்துப் பேசலாம்.

போலிச் சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதிகம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. யார் போலி விற்கிறார் என்று நிரூபிக்க என்னால் முடியாது. கையில் எடுத்தால் கனம் குறைவாக இருக்கும், அச்சு விரலால் தேய்த்தால் மங்கும், டெர்மினல் ஸ்க்ரூ இரண்டு தடவை முறுக்கினால் மறை கழன்றுவிடும். இவற்றைப் பார்த்துச் சந்தேகப்படுவோம், அவ்வளவுதான். கோளாறு வந்தால் கரண்ட்டை வெட்டுகிற எம்சிபியில் போலி வந்தால் அது டிரிப் ஆக வேண்டிய அன்றைக்குத்தான் தெரியும். பஞ்சுக்கு நடுவில் அந்த நாளுக்காகக் காத்திருக்க முடியாது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. காந்திபுரம் பக்கம் ஒரு பெரியவர் கடை இருக்கிறது. எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் முன் "எந்த மெசினுக்குங்க, எத்தனை ஹெச்பி, ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி ஸ்டார்ட் ஆகும்?" என்று கேட்பார். ஃப்யூஸ் கேட்டால் டிரைவுக்கா, சாதா லைனுக்கா என்பார். டிரைவில் போடுகிற செமிகண்டக்டர் ஃப்யூஸும் சாதா ஹெச்ஆர்சி ஃப்யூஸும் ஒரே ஆம்பியரில் இருக்கும். ஆனால் சாதா ஃப்யூஸ் உருகுவதற்குள் உள்ளே இருக்கும் விலை உயர்ந்த சாமான் வெடித்துவிடும். அவர் கேள்வி கேட்கிற நேரத்தில் வேறு கடையில் பில் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் பர்ச்சேஸில் அவரை "லேட் பார்ட்டி" என்பார்கள். எனக்கு அவர் கடையில்தான் தூக்கம் வருகிற நிம்மதி.

ஸ்டோர்ஸுக்கும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு என்று வாங்கி நான்கு வருஷம் பெட்டியிலேயே இருந்த டிரைவை அப்படியே எடுத்து மாட்டி ஃபுல் வோல்ட்டேஜ் கொடுத்தால், உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் தாங்காமல் போகலாம். சும்மா கிடந்த கெபாசிட்டருக்கு வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்க வேண்டும். அதனால் பெட்டியின் மேல் வந்த தேதியை எழுதுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு அதற்குக் கரண்ட் காட்டச் சொல்லுங்கள். ஒரு அட்டைப் பெட்டியில் எல்லா சென்சரையும் ஒன்றாகக் கொட்டி "சென்சர்" என்று எழுதி வைக்காதீர்கள். அதைப் பார்க்கும்போது மனைவி அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நம் ஊர் ஒன்றும் கரண்ட்டுக்குப் புதுசு இல்லை. 1932இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே மில் மில்லாகப் பெருகியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்து காட்டினார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, பஞ்சு வாங்கும்போது நார் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிற நீங்கள், கான்டாக்டர் வாங்கும்போது "25" என்ற ஒரு எண்ணோடு நின்றுவிடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். பஞ்சு வாங்கப் போகும்போது அதைத் தெரிந்த செலக்டர் இல்லாமல் போவதில்லை. அதே மரியாதையை இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற சாமானுக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

இதை எழுதும்போதே இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது. மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் பெரிய டிரைவ் ஒன்றின் உள்ளே சூட்டை வெளியே தள்ளுகிற சின்ன ஃபேன் நின்றுவிட்டது. ஃபேன் நின்றால் டிரைவ் சூடாகும். கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. இது சித்திரை வெயில் வேறு. இண்டென்ட் போட்டுப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதுவரை டிரிப் ஆகாமல் இருக்கப் பேனல் கதவைத் திறந்து வைத்து, எதிரில் ஒரு பெடஸ்டல் ஃபேனைப் போட்டிருக்கிறோம். அது காற்றோடு பஞ்சையும் சேர்த்து உள்ளே ஊதுகிறது. ஷிப்டுக்கு ஒருமுறை டிரைவை நிறுத்தி, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்குவதற்குப் பத்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுகிறோம்.

இந்தத் தடவை இண்டென்ட்டில் எதையும் விடவில்லை. அளவு 120 மில்லிமீட்டர், 24 வோல்ட் டிசி, மூன்று வயர், பழைய ஃபேனின் படம் முன்பக்கமும் பின்பக்கமும் என்று பின் அடித்துக் கொடுத்தேன். நேற்று மத்தியானம் ஸ்டோர்ஸிலிருந்து ஃபோன் வந்தது, ஃபேன் வந்துவிட்டதாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது, 230 வோல்ட் ஏசி.

இப்படிக்கு,
ராத்திரி ஷிப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவன்